செல்வராணி திறந்த பெட்டி

மயிலின் தோகையில் பாதி முடிந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். மவுஸ் நகராது. திரை அப்படியே உறைந்து கிடக்கும். செல்வராணி காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வருவாள். அப்போதும் அப்படியேதான் இருக்கும். வேறு வழியில்லாமல் அணைத்துப் போட்டால், செய்த வேலையில் பாதி காணாமல் போயிருக்கும்.

செனாய் ஊர்த் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்த பிரிவை மூடிய பிறகு, எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் அமைக்கக் கற்றுக்கொண்டாள். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் தேன்மொழி ரவிக்கைப் படங்களை அனுப்புவார். எந்த நூல் எங்கே ஏற வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கூலாயில் இருக்கும் தன் வீட்டிலிருந்தபடியே செல்வராணி அமைத்துக் கொடுப்பாள். இந்த மயில் ஒரு கல்யாண ரவிக்கைக்கு. திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று தேன்மொழி சொல்லியிருந்தார்.

கணவன் விஜயனிடம் அவள் ஒருநாள் வாய்தவறிச் சலித்துக்கொண்டாள். அவன் யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் செய்தால் புதுசே வாங்கிவிடலாம் என்றான். சிங்கப்பூரில் கிடங்கு வேலை அவனுக்கு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் புகையைத் தின்றுகொண்டே போய், இருட்டிய பிறகுதான் திரும்புவான். போன மாதம் சிவப்பு விளக்கில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டதாகவும், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து எழுப்பியதாகவும் வேடிக்கையாகச் சொன்னான். செல்வராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவன் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்வரை அவள் சாப்பிடுவதில்லை.

அதனால் அவனுக்குச் சொல்லாமலே வழி தேடினாள். டிசைன் பெரிதாகப் பெரிதாக ரேம் நிரம்பி வழிவதுதான் கோளாறு என்று புரிந்தது. ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைக் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்பதைத் தீர்மானிக்கும் சின்னப் பட்டைகள் அவை. டவுனில் கேட்டபோது, இத்தனை பழைய மாடலுக்கு இப்போது புதுசு வருவதில்லை, கம்ப்யூட்டரையே மாற்றுங்கள் என்றார்கள். அவள் விடவில்லை. இணையத்தில் தேடியதில் காஹாங் என்ற ஊரில் காளிதாஸ் என்று ஒருவர் கிடைத்தார். தோட்ட அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த பட்டைகள் அவரிடம் இருந்தன. இரண்டும் சேர்த்து ஒரு நல்ல சேலை விலைகூட இல்லை. தன்னுடைய பட்டையின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பி, அதே வகைதான் என்று உறுதி செய்துகொண்டு வாங்கினாள்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். பழைய இரண்டையும் கழற்றி, வந்த இரண்டையும் அழுத்தினாள். பொத்தானைத் தட்டியதும் பீப் பீப் என்று விடாமல் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. பயந்துபோய்ப் பழையவற்றையே திரும்பப் போட்டாள். அப்போதும் அதே கத்தல்.

ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று பிளக்கைப் பிடுங்கினாள். மயில் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. தேன்மொழிக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட, விஜயனுக்கு என்ன சொல்வது?

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவன் வந்தபோது மேசைமேல் எல்லாம் திறந்து கிடந்தது. ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நாளைக்கே ஓவர்டைம் போயிருவீங்க."

"போனா என்ன? உனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்க எனக்கு வக்கில்லன்னு நெனச்சிட்டியா?"

"வாங்கிக் குடுப்பீங்க, எனக்குத் தெரியும்," என்றாள் செல்வராணி. "ரோட்டுல உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா, அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி நான் எப்படிங்க உக்காருவேன்?"

அவன் குளிக்கப் போனான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். ஞாயிறு வேலைக்கு ஏற்கெனவே பேர் கொடுத்தாகிவிட்டது என்பதைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் அவள் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. விஜயன் மேசைமுன் குந்தி, கைப்பேசி விளக்கைப் பெட்டிக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டை செருகும் பள்ளத்தில் தூசி அப்பியிருப்பதும், ஓரத்துப் பிடி ஒரு பக்கம் மூடாமல் நிற்பதும் வெளிச்சத்தில் இருவருக்கும் தெரிந்தன. விற்கும்போது காளிதாஸும் அதைத்தான் சொல்லியிருந்தார்: இரண்டு முனையிலும் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். நேற்று அவசரத்தில் அவள் ஒரு முனையோடு விட்டிருந்தாள்.

அவன் விளக்கைப் பிடித்தான். அவள் பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டி, பட்டையின் பொன்னிற ஓரத்தை அழிரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வந்த இரண்டில் ஒன்று எப்படிப் போட்டாலும் கத்தியது, அது செத்ததுதான். மற்றது வேலை செய்தது. அதோடு பழையதில் ஒன்றைச் சேர்த்ததும் திரை ஒளிர்ந்தது. எட்டு ஜிபி ரேமுக்கு ஆசைப்பட்டாள்; இருந்த நாலு, ஆறானது.

"போதுமா?" என்றான்.

"போதும்னுதான் நெனைக்கிறேன்."

அவன் வாசலுக்குப் போய் மேற்பார்வையாளரை அழைத்தான். இன்றைக்கு வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டான். வரப்போகும் ஞாயிறுகளிலிருந்தும் தன் பேரை எடுத்துவிடச் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ கடுகடுப்பு. இவன் சரி சரி என்று மட்டும் சொன்னான். பிறகு உள்ளே வந்து படுத்தவன் மதியம்வரை அசையவில்லை.

செல்வராணி மயிலை முடித்தாள். நடுவில் இரண்டு முறை திரை தயங்கியது; ஆனால் நிற்கவில்லை. சேமித்துத் தேன்மொழிக்கு அனுப்பினாள். தன் சம்பாத்தியத்தை அவள் மதிக்கவில்லை என்று அவன் ஒரு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருப்பானே என்று அவளுக்குத் தோன்றியது. முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா என்பதும் தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. திங்கட்கிழமை விடியுமுன் அவன் வழக்கம்போலக் கிளம்பினான். கிளம்புமுன், தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அவளுக்கு ஒரு செய்தி அனுப்புவதாகச் சொன்னான். இதற்கு முன்னால் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.