காசிமாயனுக்கு வராத தண்டனை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜீப்பின் முதுகில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் ஜீப்பு, 1981. ஓட்டியவன் ஜக்கையன். பின்பலகையில் சிவப்புப் பெயிண்டில் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இடமில்லாமல் நான் வெளியே தொங்கிக்கொண்டு போனதால், மலை முழுக்க அந்த வாக்கியம் என் மூக்குக்கு நேராகவே இருந்தது. எந்தப் பொன்மொழியையும் அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற ஏலமலையில்

(விட்டுவிட்டேன். ஏலச்செடிக்குள் ஒரு தடவை நடந்து அட்டைக்கடி வாங்கியவன் பட்டு என்று எழுத மாட்டான்.)

அடுத்து: ‘சிலமலை காசிமாயன் ஒரு கெட்டவன்.’ இதுவும் சரியில்லை. அவன் ஒரே ஒரு நாள்தான் கெட்டவனாக இருந்தான்.

2

அந்த ஒரு நாள், 1978 பங்குனியில் வந்தது. குரங்கணிக்கு மேலே காசிமாயனுக்கும் பாண்டியம்மாளுக்கும் அடுத்தடுத்த தோட்டம். பாண்டியம்மாள் புருசனை இழந்தவள், வேதக்காரி. ஞாயிறுதோறும் மலையிறங்கி போடி சர்ச்சுக்குப் போகிறவள். ஓடைத் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்று இருவருக்கும் தகராறு. வாய்ச்சண்டையில் தோற்ற காசிமாயன், அவள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் அரிவாளோடு வேலி தாண்டி, அவளுடைய முந்நூறு ஏலத் தூர்களையும் அடியோடு சாய்த்தான். இனி நட்டுக் காய் பார்க்க மூன்று வருடம் ஆகும். ஊரே கூடிவிட்டது.

திரும்பி வந்தவள் அதைப் பார்த்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு அவனிடம் வந்தாள்.

“மன்னிச்சாச்சு தம்பி. உள்ள வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ.”

பகை உள்ள வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. கை கழுவி உட்கார்ந்து ஒரு வாய் தின்றுவிட்டால் பகை முடிந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காசிமாயன் செம்புத் தண்ணீரைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான்.

“எப்படி மதினி? தண்டனை இன்னும் வரலையே. அது வரட்டும், அப்புறம் வந்து சாப்புடுறேன்.”

ஊருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டாமா?

3

காத்திருந்தார்கள். தினமும் ஜக்கையன், நலம் விசாரிப்பதுபோல, “என்னண்ணே, ஏதாச்சும் ஆச்சா?” என்று கேட்பான். காசிமாயன் வெட்கத்தோடு, “இன்னும் இல்லப்பா” என்பான்.

ஆடி மழை வந்தபோது, அவன் தோட்டத்தை மட்டும் அது ஒதுக்குகிறதா என்று பார்க்க நாலு பேர் குடையோடு மலையேறினார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுபோலப் பெய்தது. நனைந்துகொண்டு திரும்பினார்கள்.

எழுத்தாளன் என்ற முறையில் நானும் என்னால் ஆனதைச் செய்தேன். ஒரு பிரதியில் ஜீப்பைக் கவிழ்த்தேன். காசிமாயன் முந்தின வளைவிலேயே ஒன்றுக்கு இறங்கியிருந்தான். இன்னொன்றில் பாம்பை அனுப்பினேன். அது அவன் ரப்பர் செருப்பைக் கடித்துவிட்டுப் போயிற்று. கடைசியாக ஒரு யானையை அனுப்பினேன். அது வேலி மாறிப் போய் பாண்டியம்மாளின் வாழையைத் தின்றது. மன்னிக்கவும், பாண்டியம்மாள்.*

(* போடி சர்ச்சு உபதேசியாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “எங்க புத்தகத்துலயும் வெதைச்சதத்தான் அறுக்கணும்னு இருக்குய்யா” என்றார். அப்படியானால் மன்னிப்பு? “மழை எல்லார் தோட்டத்துலயும் பெய்யும்னும் அதே புத்தகத்துல இருக்கு. ரெண்டையும் பிரசங்கம் பண்றேன், வேற வேற ஞாயித்துக்கிழமை.”)

காசிமாயனால் பொறுக்க முடியவில்லை. சின்ன அடி பட்டாலும் அவள் வாசலுக்கு ஓடினான்.

“மதினி, கால் நகம் பேந்துருச்சு. இதுதானா?”

“அது கல்லு தம்பி. சோறு ஆறுது, வெரசா வந்து உக்காரு.”

தேள் கொட்டியபோது வந்தான். பல் விழுந்தபோது வந்தான். மாமியார் ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனபோது, ரொம்ப நம்பிக்கையோடு வந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சோறு போட்டு வைத்தாள். அவன் கை நனைக்காமல் திரும்பினான்.

சிரிக்கலாம். ஆனால் அவன் மகள் பொன்னுமணிக்கு ராசிங்காபுரத்திலிருந்து மூன்று தடவை பெண் கேட்டு வந்தார்கள், மூன்று தடவையும் அவன் தள்ளிப்போட்டான். தனக்கு வராதது மகளின் கழுத்தில் போய் இறங்கிவிடுமோ என்ற பயம். பிள்ளைக்கு வயது இருபத்து நாலு ஆகிவிட்டது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

1982இல் அது வந்தது. கட்டை நோய். இலை கோடு கோடாக வெளுத்து, செடி குட்டையாகிப் போகும். பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. காசிமாயன் தோட்டம் முழுக்கப் போயிற்று. ஊர் மூச்சுவிட்டது. ஜக்கையன் அவனை முன் சீட்டில் உட்கார வைத்து ஆரன் அடித்துக்கொண்டே பாண்டியம்மாள் வாசலுக்குக் கூட்டிப்போனான். (பாண்டியம்மாளுக்கும் எட்டுத் தூர் போயிற்றே என்று கேட்டேன். “அது அவுக போன பிறவியில பண்ணது” என்றான். பதில் இல்லாத கேள்வி ஜக்கையனிடம் கிடையாது.)

“வந்துருச்சு மதினி!” காசிமாயன் கத்தினான். நாலு வருடத்தில் அவன் முகத்தில் முதல் சிரிப்பு.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் தோட்டத்துக்குள் நடந்தாள். அவன் வெட்டிய தூர்கள் எல்லாம் மறுபடி ஆள் உயரத்துக்கு நின்றன.

“நீ வெட்டுனது மேல நின்ன தண்டத்தான். கெழங்கு மண்ணுக்குள்ளதான இருந்துச்சு.”

நோயில்லாத தூர்களாகப் பார்த்துத் தோண்டிப் பிரித்து, கூடை நிறையக் கன்று வைத்தாள். “பழசப் புடுங்கி எரிச்சிட்டு இத நடு.”

“நான் வெட்டுனதுல இருந்தேவா?”

“வேற எதுல இருந்து குடுக்க?”

“இதுக்கு நான் என்ன செய்யணும்?”

“குழி தோண்டணும்.”

காசிமாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. “தண்டன வந்த அன்னைக்கே இப்படிப் பண்ணா அது எப்படி மதினி தண்டனையாகும்? நாலு வருசம் காத்துக் கெடந்துருக்கேன்!”

“நீ நகத்தத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் அந்த முந்நூறு தூரும் எனக்கு மறுபடி சாயுது” என்றாள் அவள். “நான் அன்னைக்கே விட்டுட்டேன். நீதான் என்னைய விட மாட்டேங்குற. நாலு வருசமா ஒன் சோத்த நாய்க்குப் போடுறேன் தம்பி.”

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ) நடுகிறான், காய்க்கிறது, பொன்னுமணிக்குக் கல்யாணம், ஜக்கையன் ஜீப்புப் பலகையில் எழுதியதை அழிக்கிறான். (ஜக்கையன் அழிக்க மாட்டான்.)

ஆ) கூடையை வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறான். கன்று காய்கிறது. பழமொழி ஜெயிக்கிறது.

இ) நடுகிறான், அதிலும் நோய் விழுகிறது. எனக்குப் பயம் இந்த முடிவில்தான். அவள் இன்னொரு கூடை கொடுப்பாள். பிறகும் விழுந்தால், இன்னொன்று. கதையை எப்படி முடிப்பது?

நான் முடிக்கவில்லை. அவன் இப்போது அவள் வாசலில் நிற்கிறான். காலடியில் கன்றுக்கூடை, கையில் செம்பு, உள்ளே தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். என்னைத்தான் முதலில் கேட்டான், “நனைக்கலாமாய்யா?” என்று. அவன்மேல் யானையை ஏவியவன் நான். என்ன முகத்தோடு பதில் சொல்வேன்? அதனால் உங்களைக் கைகாட்டிவிட்டேன். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பழமொழி ஏதும் சொல்லிவிடாதீர்கள், உடனே நம்பிவிடுவான். சட்டென்று ஏதாவது சொல்லுங்கள். சோறு ஆறுகிறது.