மரத்தடியில் வைத்த கருவி

கன்டெய்னர் பழுது பார்க்கும் அந்த யார்டில் ஒரு வானிலைக் கருவி இருந்தது. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டால் சங்கு தானாக ஊதும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வந்த நாளிலிருந்து அந்தச் சங்கு வாயே திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? கருவியை ஆபீஸ் வாசலில், தண்ணீர் தெளித்த புல்தரையில், மரத்தடியில் அல்லவா வைத்திருந்தார்கள். மேனேஜரைவிட அதற்குத்தான் சொகுசான உத்தியோகம்.

நேற்று வெல்டர் அக்காவின் தங்கை இரும்புப் பெட்டிக்குள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தாள். இன்னும் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று மேனேஜர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். ஊட்டிவிடாத குறையாகத் தங்கையைச் சாப்பிட வைத்ததே அக்காதான்.

இன்று மதியம் அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போல்ட்டுகளைக் கழற்றினாள். வெல்டிங் கையுறையோடு கம்பத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போய், தங்கை விழுந்த பெட்டியின் வாசலில் வெல்டிங் வைத்து நட்டாள். ஒயர் இல்லாத கருவி. எங்கே நட்டாலும் சங்குக்குச் செய்தி போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டும்மா இதுல கை வச்சே? புல்தரையிலதான் வைக்கணும்னு விதி இருக்கு."

"ஊருக்கு மழை வருமான்னு பாக்குறதுக்கு அங்க வைங்க சார். எங்களுக்காகன்னா, நாங்க நிக்கிற இடத்துலதான் அதுவும் நிக்கணும்."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை கிடையாது."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு இருக்குல்ல."

"மரியாதையா கொண்டுபோய் வை."

"மாட்டேன். வேணும்னா நீங்களே தூக்குங்க."

அவர் வெறுங்கையால் கம்பத்தைப் பிடித்தார். அடுத்த நொடியே சூடு தாங்காமல் கையை உதறினார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்து ஆட்டினார். அவள் நட்டது அவ்வளவு லேசில் அசைகிற மாதிரி இல்லை. அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது சங்கு ஊதியது. ஃபோர்க்லிப்ட் டிரைவர் முதல் ஆளாக எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கொட்டகை நிழலுக்கு நடந்தார்கள்.

"சங்கை நிறுத்துங்கப்பா" என்றார் மேனேஜர். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தள்ளாடியபடி அவரும் கொட்டகைக்கு வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அக்கா தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"காலையில சாப்பிட்டீங்களா சார்?"