கழுத்து அச்சும் முழுநீள அச்சும்

...எடுத்தால் எடுத்ததுதான், என்ன பெரிய விஷயம், உள்ளங்கை நீள இரும்பு, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அதற்குள் அமுக்கினால் பழைய அளவுக்குச் சுருக்கித் தரும், அவ்வளவுதானே என்று அர்லன் கடை அலமாரியிலிருந்து முழுநீள அச்சை எடுத்தான், மறுபடி வைத்தான். பக்கத்திலேயே கழுத்து அச்சு. இருபது வருடமாக அவன் பட்டறையில் இருப்பது அதுதான், கூட்டின் கழுத்தை மட்டும் பிடிக்கும், உடம்பைத் தொடாது, எந்தத் துப்பாக்கியில் வெடித்து வீங்கியதோ அதற்கே தைத்த சட்டை மாதிரி கூடு அப்படியே இருக்கும், முந்நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழும் என்று மொன்டானா முழுக்கப் பீற்றிக்கொண்டவன் அவன்தானே... அந்த ஒரு துப்பாக்கிக்குச் சரி, இன்னொன்றுக்கு? இந்தக் கேள்விதான் பதினோரு மாதமாகப் பிடுங்கித் தின்கிறது. முழுநீள அச்சைக் கொண்டுபோய் வைத்தால் இப்போது எதற்கு இது என்று மனைவி டெல்லா கேட்பாள். வாங்காமல் போனால் இந்த வருடமும் அவளுக்கு அதே தோட்டாவா? வெளியே வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நீ போய்ட்டு வா என்று சொல்லிவிட்டாள், எல்க் மான் வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

பதினேழு வருடம் குலுக்கலில் பெயர் போட்டு, போன வருடம்தான் அவளுக்கு வந்தது, மூஸ் என்ற பெரிய மானைச் சுடும் அனுமதிச் சீட்டு. கடிதம் வந்த அன்று அடுப்பில் வைத்ததை மறந்து கருகவிட்டு, கரண்டியோடு ஆடினாளே மனைவி, அவனும் சேர்ந்து ஆடினான். நானே தோட்டா கட்டித் தரேன் என்றதும் அவன்தான். இரண்டு பேர் துப்பாக்கியும் ஒரே அளவு, கூடுகளெல்லாம் ஒரே காப்பி டப்பாவில்... அங்கேதான் புத்தி கெட்டது, தன் துப்பாக்கியில் சுட்ட கூடுகளை எடுத்து, கழுத்தை மட்டும் சுருக்கி, அவளுக்குக் கட்டிக் கொடுத்தான். விடிந்த நேரம், பனி, ஓடைக்கரைப் புதருக்குள் முழங்கால் தண்ணீரில் கறுப்பாக நின்றது மூஸ், எண்பது கஜம்கூட இல்லை. தோட்டாவை உள்ளே ஏற்ற அவள் துப்பாக்கியின் போல்ட்டைத் தள்ளினாள், பாதியில் நின்றது. உள்ளங்கையால் குத்தினாள், அந்தச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. சீசனின் கடைசி நாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பானோ? பனித்தூள் போயிருக்கும், மூடிப் பிடின்னு எத்தன தடவ சொன்னேன் என்று எரிந்து விழுந்தான். மறுநாள் காலை அதே தோட்டா அவன் துப்பாக்கிக்குள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனபோது சந்தேகமே இல்லை, தப்பு அவனுடையதுதான். அப்போதாவது வாயைத் திறந்தானா?

இந்த வருசம் என் தோட்டாவ நான் கடையிலேயே வாங்கிக்கிறேன் என்று போன வாரம் அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. தோட்டா கட்டுகிறவன் வீட்டில் கடைத் தோட்டாவா? அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், வேறென்ன இருக்கப்போகிறது...

"என்னப்பா, பொண்ணு பாக்கவா வந்திருக்க? அர மணி நேரமா அதையே எடுக்குற, அதையே வைக்குற" என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் ராய்ஸ் குரல் கொடுத்தார். சும்மா பார்க்கிறேன் என்றான் அர்லன். "முழுநீளத்த எடுத்துட்டுப் போ. டெல்லா ஏப்ரல்லயே வந்து கேட்டுட்டாளே. உன் கூடு ஒண்ணு, அவ கூடு ஒண்ணு, ரெண்டையும் கொண்டாந்தா. நான்தான் அளந்து காட்டினேன், உன்னுது கொஞ்சம் பருமன்னு. எடுத்துட்டுப் போறியாம்மான்னேன். வேணாம், அவனே வருவான்னு சொல்லிட்டா."

ஏப்ரல். ஏப்ரலில் ஈஸ்டர்... அன்று உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அன்னைக்கு என்னதான் ஆச்சுன்னு நெனைக்கிற அர்லன் என்று கேட்டாளே. பனிதான், வேற என்ன, அடுத்த தடவ ஜாக்கிரதையா இரு என்று புத்தி வேறு சொன்னான், கடவுளே, தட்டை நீட்டிக்கொண்டே சொன்னான், அவளும் சரி என்று கிழங்கைப் பரிமாறினாள். தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறாள், ஆறு மாதமாகத் தெரிந்துகொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள். முழுநீள அச்சைக் கல்லாவில் வைத்தான், பை வேண்டுமா என்று கேட்டதற்கு என்ன சொன்னானோ தெரியவில்லை, கையில் பெட்டியோடு கதவைத் தள்ளினான், குளிர் முகத்தில் அறைந்தது. அவனைப் பார்த்ததும் அவள் ரேடியோவை அணைத்தாள். கடைக்குள்ளே போகும்போது ஒப்புக்கொள்ளவேண்டிய பொய் ஒன்றுதான் இருந்தது, அதைக்கூடப் பொய் இல்லை, கைத்தவறுதான் என்று சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தான், ஆனால் அவள் உட்கார்ந்து காத்திருப்பது அந்த முதல் பொய்க்கு இல்லையே, அதை அவள் எப்போதோ மன்னித்து விட்டிருப்பாள், இது ஈஸ்டர் அன்று அவள் கேட்டும் சொன்ன பொய்க்கு... அதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வண்டிக் கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றான்.