பனிமேல் கிடந்த மாமியார்

அந்தக் கோடையில், வடதுருவத்தை ஒட்டிய இலுலிசாட் ஊருக்குக் கிழக்கே, பெரும்பனிப் பாளத்தின் மேல் உருகித் தேங்கிய ஏரிகளில் ஒன்று ஏனோக்கின் மாமியாராக இருந்தது. அதைப் படமெடுத்தால் படத்தில் தண்ணீர் விழாது, ஏனோக்தான் விழுவான். அதுவும் கிழிந்த அங்கியும் சீவாத தலையுமாக.

தவறு தன்னுடையதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் நடக்கும் தவறுகளில் பாதி தன்னுடையவை என்று எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டவன். பனி உருகுவதை அளக்க வந்த ஆய்வாளர்களுக்காக ஏரிகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கேட்டார்கள். விறைத்துப்போன மூளைக்குச் சட்டென்று அகப்பட்டது, குளிர்காலத்தில் இறந்த மாமியார் கர்னீலியாவின் பெயர். அங்கெல்லாம் இறந்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள்; பெயரோடு ஆளும் வந்துவிடுவார். அவன் மனைவி நிவிக் அப்போது நிறைமாதம்.

“எங்கம்மா பேரைத் தண்ணிக்கா குடுத்த?”

“பிள்ளைக்கும் அதையே வைப்போமே. ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இல்லையா?”

“எங்கம்மா ரெண்டு வீட்டுல கால் வைக்கிற ஆளா? போய்க் கூட்டிட்டு வா. இல்லேன்னா எம்புள்ள பேரில்லாமக் கெடக்கும், நீ பனியிலயே கெட.”

ஆகஸ்ட் பிறந்ததும் சுற்றியிருந்த ஏரிகள் ஒவ்வொன்றாக விரிசலில் இறங்கி மறைந்தன. கர்னீலியா மட்டும் அசையவில்லை. ஏனோக் மாமியார் விரும்பித் தின்னும் திமிங்கலத் தோலை நறுக்கிப் போட்டான், வாங்கிக்கொண்டது. காப்பி ஊற்றினான், துப்பியது.

“இதுக்குப் பேர் காப்பியா?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அத்தை.”

“படமாவது எடுக்கத் தெரியுதா?”

“அதையும் நீங்கதான் பாக்கிறீங்களே.”

பேசிக்கொண்டிருக்கும்போதே நிவிக்குக்கு வலி கண்டுவிட்டதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. ஏனோக் கரையில் மண்டியிட்டான்.

“அத்தை, இன்னும் கொஞ்ச நாள்ல உறைஞ்சிருவீங்க. அப்புறம் குளிர்காலம் பூரா இங்க யாரைத் திட்டுவீங்க? அங்கேன்னா நான் இருக்கேன்.”

ஏரியின் அடியில் பனி வெடித்தது. நீர் முழுவதும் சுழன்று, முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனது. அந்தப் பருவத்தில் படம்பிடிக்கத் தகுந்த காட்சி அது ஒன்றுதான். ஏனோக் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருந்தான்.

பிறந்தது பெண் குழந்தை, பெயர் கர்னீலியா. நிவிக் அவளை அம்மா என்கிறாள், ஏனோக் அத்தை என்கிறான். பனிமேல் ஏரிகள் நிறையும் ஜூலை வந்தால் அவள் சற்று ஆழமாகிவிடுவாள். காப்பி விருந்துக்கு வருகிறவர்கள் நனையாமலிருக்கச் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு அவளைத் தூக்குவார்கள்.