செய்தி வரட்டும்

அப்பா இறந்து ஐந்து மணி நேரம் கழித்து, கூடத்தில் இடம் போதாமல் டி.வி.யை நகர்த்தப் போனார்கள். மகள் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் ஸ்க்ரூ மாமா, அப்பாவோடு லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "இன்னிக்கு வந்தாலும் வரும்."

மாமா கையை எடுத்துவிட்டார். எது வரும் என்று அவர் கேட்கவில்லை. அப்பாதான் தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாரே. மகள் வேலை பார்க்கும் தொலைநோக்கி நிலையத்தில், எங்கோ தூரத்துக் கிரகத்தின் காற்றில் நீராவியின் தடம் கிடைத்திருக்கிறது. தண்ணீர் இருந்தால் உயிரும் இருக்கலாம். இந்த மாதமே அறிவிப்பு. அங்கே ஒரு கிளை திறக்கலாமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டாராம். நான் லிஃப்ட் போட்டுத் தராமல் எப்படிப் போவீர் என்றாராம் அப்பா.

இதயக் குழாயில் அடைப்பு, உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோதும் அவர் மசியவில்லை. செய்தி வரட்டும், மகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அம்மா இதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். குறையாக இல்லை, பெருமையாக. மகளால் அதைத்தான் கேட்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

செய்தி வராது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தினமும் அவள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார், "இன்னிக்கா பாப்பா?" அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. இன்னும் சரிபார்க்கிறார்கள் என்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பாள்.

அவள் திரும்பி வந்தபோது, அம்மா டி.வி.யைப் போட்டுச் சத்தத்தை அடக்கியிருந்தாள். திரையில் ஒருத்தி சோப்பு நுரையோடு சிரித்தாள்.

"வா, உக்காரு. உன்கூடப் பார்க்கணும்னுதானே கெடந்தாரு."

மகள் அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள். மாமா வாசலுக்கு நகர்ந்தார். விளம்பரம் முடிந்து இன்னொன்று வந்தது.

"எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

"போட மாட்டாங்கம்மா."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அந்தக் கிரகத்துத் தண்ணி இல்ல. நம்ம பூமியோட காத்துல இருந்த ஈரம். அதைக் கழிச்சுட்டுப் பார்க்கணும், நான் கழிக்க விட்டுட்டேன்."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

மகள் போர்வையின் ஓரத்தை இழுத்து அப்பாவின் பாதங்களை மூடினாள்.

"நீங்க ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கப் போனீங்கல்ல, அதுக்கு முந்தின நாள்."