கண்மூடிய ஒரு நிமிடம்

மார்ச் 12, செவ்வாய். இன்று செய்த தவறு: தூங்காமலே, தூங்கியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதியதை அவள் மறுபடி படித்தாள். மூன்றாவது சொல்லிலேயே எழுத்து இரண்டாகப் பிரிந்தது. இமைத்தாள், ஒன்றுசேர்ந்தது. அடுத்த வரியில் மறுபடி பிரிந்தது. யாரோ ஒரு பிடி மணலைக் கண்ணுக்குள் போட்டுவிட்டுப் போன மாதிரி உறுத்தல்.

பாடநூல் அச்சகத்தில் அவளுக்குப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தும் வேலை. தலைக்கு நேர் மேலே ஏசி. படிக்கும் பக்கத்தில் மூழ்கிவிட்டால் இமைக்க மறந்துபோகும், கண் காய்ந்துவிடும். "ரெண்டு பக்கத்துக்கு ஒரு தரம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் கடிகாரம் பார்த்து மூடுவாள். திறந்ததும் அதை நோட்டில் குறிப்பாள். எதையும் குறிக்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இன்று காலை கண்ணைத் திறந்தபோது எதிரே கேமரா நின்றார். மேற்பார்வையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. கையில் போன். போனில் அவள் படம்.

"என்னம்மா, கனவுல எத்தனாவது பக்கம்?"

பின்னாலிருந்து சிரிப்பு.

"கண்ணு காஞ்சுபோகுது சார். டாக்டர்தான்..."

"காஞ்ச கண்ணுல எப்படிம்மா தண்ணி வழியுது? யார் காதுல பூ சுத்தறே? தூங்கினேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி எழுது. அதோட முடிஞ்சுது."

காய்வதால்தான் வழிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்; ஆனால் பின்னால் சிரிப்பு ஓயவில்லை. ஒருவேளை நிஜமாகவே கண்ணயர்ந்துவிட்டோமோ? எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஏறியது. வேலையில் தூங்கியதாக அவளே ஒப்புக்கொண்டதால், ஐந்தரைக்குக் கிளம்பும் அனுமதி திங்கள் முதல் ரத்து. ஐந்தரைக்குக் கிளம்பாவிட்டால் அவள் படிக்கும் ஆறு மணிச் சட்ட வகுப்புக்குப் போக முடியாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும், அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "அழுதியாடி?"

"அழலை! இது அழுகை இல்லைன்னு எத்தனை தரம் சொல்றது? நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"என் மேல ஏன் பாயறே? தூங்கினியா, இல்லையா? அதைச் சொல்லு."

நோட்டைப் பிரித்தாள். ஒன்பது மணியிலிருந்து கேமரா வந்து நிற்கும்வரை இருபத்திரண்டு பக்கம். பதினோரு தடவை மூடியது. பதினோராவது வரி: 10.52 மூடினேன், 10.53 திறந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கேமரா பெருமையாகப் போட்டிருந்த படத்தின் மூலையிலும் 10.52.

"அப்ப அந்தாளு சொன்னதும் ஏண்டி தலையாட்டினே?"

இத்தனை கறாராகக் குறித்துவைத்தும், நாலு பேர் சிரித்ததும் தன் நோட்டை நம்பாமல் அந்த ஆளை நம்பியிருக்கிறாள். அவர் மேல் ஒரு பங்கு கோபம் என்றால் தன் மேல் இரண்டு பங்கு.

பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் கடைசி வரியை எழுதினாள்.

நாளை: காலை ஒன்பது மணி. டாக்டர் சீட்டு, நோட்டில் இன்றைய பக்கத்தின் நகல், அந்தப் படம், மூன்றையும் கேமராவின் மேஜையில் வைத்து, என் கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.