பூஜ்யம் புள்ளி எட்டு

லிஃப்ட்காரரின் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே வைத்த பட்டப்பெயர் வாயாடி. பஸ் நிலையத்தின் விசாரணை ஜன்னலில் பதினாறு வருஷம் உட்கார்ந்து பதில் சொன்னவள். பகலெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லிவிட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லுவாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் மோட்டாரோடு பழகிப் பழகி நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர் இவர். அந்த நாலையும் அவள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள். பொருத்தம் பார்த்துச் செய்தது போலத்தான் இருந்தது.

பிறகு நரம்புகளைத் தின்னும் அந்த நோய் வந்தது. முதலில் கை, அப்புறம் கால். போயும் போயும் அவள் நாக்கிலும் கை வைத்தது. மூன்றாம் வருஷம் அவளிடம் மிஞ்சியது இரண்டு இமைகள்தான்.

அந்த இமைகளுக்காக ஒரு மென்பொருள் இருந்தது. முகமறியாத நாலைந்து பேர், நாலைந்து தேசத்தில் உட்கார்ந்து இலவசமாக எழுதி வைத்தது. உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். கட்டிலுக்கு எதிரே லேப்டாப். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசையில் ஒரு முறை, வேண்டிய எழுத்தில் ஒரு முறை இமைக்க வேண்டும். கேமரா பார்த்து எழுதிக்கொள்ளும். வாயாடி எழுதிய முதல் வாக்கியம்: "டீ ஆறிப்போச்சு, குடிங்க."

லிஃப்ட்காரருக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம் முளைத்தது. பத்தொன்பது வருஷமாகக் குறுக்கே பேச இடம் கிடைக்காதவருக்கு இப்போது எழுத்துக்கு எழுத்து இடம் கிடைத்தது. அவள் "ஜன்ன" என்று எழுதினால் போதும். "ஜன்னல சாத்தணுமா?" என்று ஓடிப் போய்ச் சாத்திவிடுவார். அவள் திறக்கச் சொல்ல வந்திருப்பாள். ஒருநாள் பதினோரு நிமிஷம் எடுத்து அவள் எழுதினாள்: "நீங்க முடிக்காதீங்க. நானே சொல்லிக்கிறேன்." அன்றிலிருந்து அவள் எழுதும்போது அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் இமையும் தளர்ந்தது. மூடினால் திறக்க ஒரு நொடிக்கு மேல் ஆயிற்று. கண் பூஜ்யம் புள்ளி எட்டு நொடிக்கு மேல் மூடியிருந்தால் ஆள் தூங்கிவிட்டதாக அந்த மென்பொருள் முடிவு கட்டிவிடும். திரை இருண்டு, "ஓய்வில் இருக்கிறார்" என்று ஒரு வரி வரும். கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு. மூன்று இமைப்பில் ஒன்றைத்தான் அது ஏற்றுக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இப்படி எழுதினாள்:

"ஏங்க நான் போன பிறகு அந்த"

திரை இருண்டது. அவர் தட்டி எழுப்பினார். அவள் இமைத்தாள். மறுபடி இருண்டது. ஏழு தடவை. எட்டாவது தடவை அவள் இமைக்கவே இல்லை, கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் போயிற்று. அவர் துடைத்துவிட்டார். அவள் வாக்கியம் 'அந்த'வோடு நின்றது.

அந்த என்ன? அது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் தேடினார். இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள், இந்த எட்டை மாற்ற முடியுமா என்று. கீழே ஒரு பதில்: "நல்ல யோசனை. யாராவது செய்து அனுப்பலாம்." அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, 'புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை' என்று. நிரலைத் திறந்து பார்த்தார். நானூறு வரிக்குக் கீழே அந்த எண் சாதுவாக உட்கார்ந்திருந்தது. 0.8. அவ்வளவுதான் சங்கதி.

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லிஃப்ட் கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன திருகு உண்டு. குறைத்தால் கதவு ஆள்மேல் மோதும், கூட்டினால் லிஃப்ட் நகராது. நடுவில் சரியான இடம் ஒன்று இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்தால் ஒரு நிமிஷ வேலை.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன் வாயாடி. அப்புறம் உன் இஷ்டத்துக்குப் பேசு" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவருக்கு அர்த்தம் தெரியும். நீங்க சொன்ன நாளைக்கு எந்த வேலை முடிஞ்சிருக்கு, என்பது.

எண் கண்ணெதிரே இருந்தாலும் அதைத் தொட முடியாது. எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக ஆக்குவதற்கு ஒரு பட்டறையே வேண்டும். அதை நம் கம்ப்யூட்டரில் நாமே நிறுவ வேண்டும். அதற்கு வழிகாட்டி ஒன்று இருந்தது. முதல் வரியிலேயே 'இருபது நிமிடம் ஆகும்' என்று தாராளமாக எழுதியிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க ஒரு டாலர் குறியில் போயிற்று. ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் அந்தக் குறி இருந்தது. அது 'இங்கே எழுது' என்பதற்கு அடையாளம் மட்டும் என்று எல்லோருக்கும் தெரியுமாம். இவருக்குத் தெரியாது. அதையும் சேர்த்து எழுதி, கருப்புத் திரையிடம் இருபது தடவை திட்டு வாங்கினார்.

இரண்டாம் நாள்தான் வினை. அந்த நிரல்மொழியின் பழைய பதிப்புதான் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னது. புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார். வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப். மறுநாள் காலையில் வாயாடியின் மென்பொருளைத் திறந்தால் திறக்கவில்லை. மூன்றில் ஒரு இமைப்பாவது தேறிக்கொண்டிருந்ததே, அதற்கும் உலை வைத்தாயிற்று.

"என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள் மச்சினி. வாயாடியின் தங்கை அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அக்காவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே வந்துவிட்டவள்.

"சரி பண்ணிடலாம்மா."

"அக்காவுக்குப் பேச இருந்தது அது ஒண்ணுதான்."

அவரால் மச்சினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையிலிருந்து கண் பரிசோதிக்கும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பின்பக்கம் மச்சினி எழுத்துகளை எழுதினாள். அட்டையை இவர் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினார். இமை மூடியது சம்மதமா, அசதியா, இவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது எழுத்திலேயே பொறுமை போய், "அந்த வீடா? அந்த மோதிரமா? உன் தங்கச்சி விஷயமா?" என்று கேட்டுவிட்டார். வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். அது தூக்கம் இல்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

இணையப் பக்கத்தில் உதவி கேட்டார். ஆந்தைப் படம் போட்ட ஒருவர் பதில் எழுதினார். அவர் இருந்த தேசத்தில் பகல் வந்தால்தான் பதில் வரும், ஒரு கேள்விக்கு ஒரு நாள். தங்கமான மனிதர். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பழையதையும் புதியதையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் தனித்தனி அறையில் வைப்பது எப்படி என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். எந்தத் திருத்தத்துக்காக என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார்.

நின்றுபோன ஒன்பதாம் நாள் வாயாடியின் மென்பொருள் திரும்ப ஓடியது. அதற்குள் அவள் இமை மூடித் திறக்க இரண்டு நொடி ஆகியிருந்தது. பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்பது நாள்! அந்த ஒன்பது நாளில் தட்டுத்தடுமாறியாவது அவள் அந்த வாக்கியத்தை முடித்திருப்பாள். அதைத் தின்றது நோய் இல்லை, தன் கைதான் என்று லிஃப்ட்காரர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதற்காக விடவும் முடியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி, சாயங்காலம் வந்து இரண்டு மணி. கேமராவோடு பேசும் பகுதி மட்டும் மூன்று வாரம் உயிரை வாங்கியது. நானூற்றுப் பன்னிரண்டு வரிக்குப் பிழைச் செய்தி வந்தது. அத்தனை வரியும் ஒரே ஒரு கோப்பு இல்லை என்பதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருந்தது. அதைப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்" என்று ஆந்தை மூன்று தடவை எழுதினார். இவர் மூன்று தடவை அழித்தார்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, பட்டறை எழுந்து நின்றது. அவர் கையால் ஆக்கிய மென்பொருள் அதே எழுத்து வரிசைகளோடு திரையில் திறந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். 0.8ஐ அழித்து 3 என்று போட்டார். திருத்தத்தை அனுப்புமுன், அது வேறெதையும் கெடுக்கவில்லை என்று பார்க்கும் சோதனைகளை ஓட்டச் சொல்லியிருந்தது வழிகாட்டி. நூற்று நாற்பத்து மூன்று தேறிப் பச்சை காட்டின. ஒன்று சிவப்பு. அந்தச் சோதனையின் பெயர்: 'தூங்குபவரைப் பேசவைக்காதே.'

லிஃப்டில் பாதுகாப்பு சுவிட்சைக் கம்பி வைத்து ஏமாற்றியவனை ஒருமுறை இவரே வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இப்போது அந்த ஒரு சோதனையை எடுத்துவிட்டார். எல்லாம் பச்சையாயிற்று. எதற்காகச் செய்தார் என்பதையும் இரண்டு வரி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

ஞாயிறு காலையில் ஆந்தையின் பதில் வந்தது.

"உங்கள் திருத்தம் வேலை செய்கிறது. ஆனால் இதைச் சேர்க்க முடியாது. நீங்கள் நீக்கிய சோதனையை எழுதியது நான்தான். இந்த மென்பொருளை என் அப்பாவுக்காகத் தொடங்கினேன். கடைசியில் நானும் மூன்று வைத்தேன். கண் அசரும்போது இமை இறங்கி ஏறுவதும், தளர்ந்த இமை பேசுவதற்காக மூடித் திறப்பதும் ஒரே அளவு நேரம்தான். கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் அப்பா பேசுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்விமேல் யாரோ ஒட்டிய சீட்டை நான் அப்போதே கிழித்திருக்க வேண்டும். உங்கள் ஆறு வாரத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

லிஃப்ட்காரர் இரண்டு முறை படித்தார். கோபம் வரவேண்டும் என்று பார்த்தார், வரவில்லை. அவர்கள் சேர்க்காவிட்டால் போகட்டும், தன் லேப்டாப்பில் தன் பதிப்பு இருக்கிறது. இவள் ஆந்தையின் அப்பா இல்லை, வாயாடி. அவள் இமைப்புக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் இவருக்குத் தெரியாதா?

மத்தியானம் அதைத் திறந்து கட்டிலுக்கு எதிரே வைத்தார். பழைய வாக்கியத்தையும் அதில் எழுதி வைத்தார். "ஏங்க நான் போன பிறகு அந்த". வாயாடி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண்ணில் பழைய குறும்பு ஒரு கணம் வந்தது போலிருந்தது.

"இப்ப சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்."

வரிசைகள் ஒளிர்ந்தன. இமை மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது. திரை இருளவில்லை. இரண்டாம் இமைப்பில் 'ப' விழுந்தது. அவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுபடி இரண்டு முறை இமை இறங்கி ஏற, கொம்பு சேர்ந்து 'பெ' ஆயிற்று. பெட்டியா, பெரியவரா என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கினார். அவளே சொல்லட்டும்.

இமை இறங்கியது, பாதி ஏறியது. 'க'. இறங்கியது. 'க'. 'ம'. 'ம'. 'க'.

அவர் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். பாதி திறந்த இமைக்குக் கீழே கருவிழி எங்கேயும் பார்க்கவில்லை. மூச்சு ஒரே சீராக இருந்தது. எந்த எழுத்துவரை அவள் முழித்திருந்தாள்? 'பெ' அவளுடையதா? 'ப' மட்டுமா? அதுவும் இல்லையா? எல்லா லிஃப்டிலும் நடுவில் ஒரு சரியான இடம் இருந்திருக்கிறது. இதில் பூஜ்யம் புள்ளி எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அவருக்கு அது அப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது.

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்த மச்சினி வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையில் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன.

"மாமா! அக்கா பேசுறா!" அவள் குரல் உடைந்தது. "எவ்வளவு வேகமா எழுதுறா பாருங்களேன். என்ன சொல்றா?"

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இன்னும் முடிக்கலம்மா" என்றார்.

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இன்னொரு 'க' விழுந்தது.